கற்கண்டின் முனை

அத்தியாயம் 14

தேனியில் நேரு சிலையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு மாடியின் உச்சியில் நின்றபடி ஒரு மனிதர் பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டே இருப்பார். வெயிலிலும் சிரிப்பார். கேரளா பக்கமிருந்து மழை அடித்துக்கொண்டு வந்தாலும் சிரிப்பார். கடையடைப்பு நாளிலும் சிரிப்பார்.

ஞானசெல்வி ஜவுளி ஸ்டோரின் ஃபிளெக்ஸ் போர்டு அது. சிரிப்பவர் முதலாளி ஏசுதாசன். காலஞ்சென்ற மனைவியின் பெயரைக் கடைக்கு வைத்தார். ஆனால் மயிலாடும்பாறை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் 'சிரிப்புக்கடை' என்றுதான் வழி கேட்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மேலே இருந்த ஏசுதாசன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கல்லாவில் இருந்த ஏசுதாசன் சிரிக்கவில்லை.

காரணம், போன வாரம் போடியிலிருந்து வந்து இறங்கிய மகள் ஜெனிபர். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்ப்பா" என்றாள். இரண்டு நாளுக்கு எதற்கு இரண்டு பெரிய பெட்டி என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை. வந்த கையோடு தம்பி மகன் ஜோயலைத் தூக்கிக் கொஞ்சினாள். மூன்று வயதுப் பிள்ளை அத்தையைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதான்.

"ஆத்தாடி! என்னடி இது, பிள்ளை வாயில புளியங்கொட்டையை ஒட்டி வச்சிருக்கியா?"

மேல்வரிசையின் முன்பற்கள் பழுப்பேறி, ஓரம் அரித்துப்போயிருந்தன. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பழி முழுக்க மருமகள் ஜெபஷீலா தலையில். மகன் விஜய்ராஜோ சரக்கு எடுக்க ஈரோட்டுக்குப் போய்விட்டான். போனில் அக்கா குரல் கேட்டாலே, "சிக்னல் இல்லக்கா" என்று வைத்துவிடுகிறான்.

இன்று காலை பத்தரைக்குப் பல் டாக்டர். மாலை நாலு மணிக்கு ஃபோட்டோகிராபர் சுருளிவேல். வருஷா வருஷம் கடையின் காலண்டரில் முதலாளி சிரித்த முகம்தான். இந்த முறை தாத்தாவும் பேரனும் சேர்ந்து சிரிப்பதாக ஏற்பாடு.

"இந்த வாயை வச்சுக்கிட்டு எப்படிப்பா காலண்டர்?" என்றாள் ஜெனிபர், கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக. "ஊரே சிரிக்கும்."

பின்னால் ஜோயலை இடுப்பில் வைத்தபடி வந்த ஜெபஷீலா மாமனாரைப் பார்த்து, "கிளம்பலாமா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜோயல் அம்மா இடுப்பிலிருந்து எட்டி, தாத்தாவின் சட்டைப் பைக்குள் கையை விட்டான். ஏசுதாசன் பதறி அந்தக் கையைப் பிடித்து எடுத்து முத்தம் கொடுத்தார்.

அந்தப் பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பனங்கற்கண்டு.

ஏசுதாசன், தேவாலயச் சபையின் பாடகர் குழுவில் கட்டைக்குரல் பாடுகிறவர். தொண்டைக்கு இதமாக எப்போதும் கற்கண்டு வைத்திருப்பார். பேரன் அவர் பக்கத்தில் படுக்க ஆரம்பித்ததிலிருந்து அதற்கு இன்னொரு பங்காளி. ஆனால் பனங்கற்கண்டின் முனை கூர்மையானது, பிஞ்சு வாயைக் குத்திவிடும். அதனால் தாத்தா முதலில் தன் வாயில் போட்டு உருட்டுவார். முனையெல்லாம் மழுங்கி, கூழாங்கல் மாதிரி ஆனதும் எடுத்துப் பேரன் வாயில் போடுவார். போர்வைக்குள் நடக்கும் வியாபாரம். "அம்மாகிட்டச் சொல்லக் கூடாது, என்ன?" என்பார். "ம்" என்பான் பேரன், எச்சில் ஒழுக.

இந்த வியாபாரம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருடைய இன்னொரு ரகசியமும் அப்படித்தான்.

ஊருக்கே பேர்போன அந்தச் சிரிப்பு, மதுரையில் செய்த பல்செட்டு.

மனைவி போன பிறகு பல் ஒவ்வொன்றாய் ஆட்டம் கண்டது. மகள் கல்யாணமாகிப் போடியில், மகன் கோயம்புத்தூரில் படிப்பு. ஏசுதாசன் கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது, "என்னப்பா, முகமே பளபளன்னு இருக்கு?" என்று ஜெனிபர் கேட்டாள். "ஆவிக்குரிய சந்தோஷம்மா" என்றார். அப்புறம்தான் மாடியில் ஃபிளெக்ஸே ஏறியது.

பேரன் பக்கத்தில் படுப்பதால் இப்போது ராத்திரியிலும் கழற்றுவதில்லை. மேலண்ணம் கொஞ்ச நாளாகக் காந்துகிறது. மருமகள் குழம்பில் பச்சை மிளகாய் அதிகம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

*

டாக்டர் ஹேமாவதி ஜோயலை நாற்காலியில் உட்கார வைப்பதற்குள், அவன் நாற்காலியை மேலும் கீழும் மூன்று தடவை ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டான்.

"இப்ப ஆ காட்டணும். காட்டினா மறுபடியும் ஏத்துவேன்."

வாயைத் திறந்தான். டாக்டர் டார்ச் அடித்தார், சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார், கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பார்த்தார். வெள்ளையாக ஏதோ வந்தது.

"வாயில பூஞ்சை இருக்குங்க. ஈஸ்ட்னு சொல்லுவோம்."

"அக்கரமா?" என்றாள் ஜெனிபர். "கைப்பிள்ளைக்கு நாக்குல வெள்ளை படியுமே, அது?"

"அதே சாதிதான். பெரிய பிள்ளைக வாயிலயும் இருக்கும், வெளியில இவ்வளவு தெரியாது."

"ஈஸ்ட்டுன்னா பன்னுக்குப் போடுறதுல்ல? நான் அப்பவே சொன்னேன், பேக்கரிப் பண்டம் குடுக்காதன்னு!"

டாக்டர் சிரித்துவிட்டார். "பன்னு பாவம், அதை விட்டுருங்க. அது வேற ஈஸ்ட்டு, இது வேற. சொத்தைக்குக் காரணம்னு நாம வழக்கமாச் சொல்றது பாக்டீரியா. சர்க்கரையைத் தின்னுட்டு அமிலத்தைக் கக்கும், பல்லு கரையும். அதுகூட இந்த ஈஸ்ட்டும் கூட்டுச் சேந்தா, பல்லு மேல படியுற அழுக்கு ரொம்பத் தடிச்சுரும். ஈஸ்ட்டு நூல் நூலா நீளும். பாக்டீரியா சர்க்கரையில இருந்து பசை பண்ணும். நூலும் பசையும் சேந்தா..."

"பாவுக்குக் கஞ்சி போட்ட மாதிரி" என்று தன்னை மறந்து சொன்னார் ஏசுதாசன்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல டாக்டரம்மா, தறியில வெறும் நூலு தொய்ஞ்சு கிடக்கும். கஞ்சி போட்டா விறைச்சுக்கும். அப்புறம் லேசுல பிரிக்க முடியாது."

"இதை இனிமே நானும் எல்லாருக்கும் சொல்லப்போறேன், ஐயா. ஜவுளிக்காரர் சொன்னதுன்னு."

ஏசுதாசன் பெருமையாகச் சிரித்தார். மதுரைச் சிரிப்பு, மேலும் கீழும் பளிச்சென்று.

ஜெபஷீலா மெதுவாகக் கேட்டாள். "அப்ப ஈஸ்ட்டாலதான் பல்லு போச்சா டாக்டர்?"

"அப்படி ஒரேயடியாச் சொல்ல முடியாதும்மா. நிறையப் பேர் வாயில அது சும்மாவே இருக்கும். ஆனா சொத்தை விழுந்த சின்னப் பிள்ளைக வாயில அது அதிகமா இருக்குன்னு பல இடத்துல பாத்திருக்காக. எது முந்தி, எது பிந்தின்னு இன்னும் ஆராய்ச்சி ஓடுது. ஒண்ணு நிச்சயம். இனிப்பு இல்லாம அதுக ரெண்டுக்கும் பிழைப்பு ஓடாது. ராத்திரி என்ன குடுக்குறீங்க?"

"ஒண்ணும் இல்ல. பால்பாட்டிலை நிறுத்தி வருஷமாச்சு. சாப்பிட்டதும் பல்லு தேச்சுவிட்டுத்தான் படுக்க வைப்பேன்."

"தேச்ச பல்லு இப்படித்தான் இருக்குமாக்கும்" என்றாள் ஜெனிபர், சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தபடி.

"கொஞ்சம் இருங்க" என்றார் டாக்டர். "இது பெரும்பாலும் வீட்டு ஆளுக கிட்ட இருந்துதான் பிள்ளைக்கு வரும். எச்சில் கரண்டி, கடிச்சுக் குடுக்குற பண்டம். அம்மா, நீங்க ஆ காட்டுங்க."

ஜெபஷீலா காட்டினாள். சுத்தமாக இருந்தது.

"அத்தை?"

"நான் வந்தே ஒரு வாரந்தான ஆச்சு" என்று ஜெனிபர் முணுமுணுத்தபடி காட்டினாள். அதுவும் சுத்தம்.

டாக்டரின் டார்ச் மெதுவாக ஏசுதாசன் பக்கம் திரும்பியது.

"எனக்கென்ன டாக்டரம்மா, வைரம் மாதிரி இருக்கு" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "ஃபோன் அடிக்குது. கடையில இருந்து."

ஃபோன் அடிக்கவில்லை. ஆனாலும் அதைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

மாடிப்படியில் நின்றால் தூரத்தில், கட்டிடங்களுக்கு மேலே அவருடைய ஃபிளெக்ஸ் தெரிந்தது. அந்த ஆள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த ஆளுக்கு அண்ணம் காந்தியது. பச்சை மிளகாய் இல்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது.

சொன்னால்? பஜார் முழுக்க நாளைக்குப் பரவும். சபையில், பாடகர் குழுவில், "அண்ணே, அது மதுரைச் சரக்கா?" என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால்? மருந்து கொடுப்பார்கள், பிள்ளைக்குச் சரியாகும். நாம் கற்கண்டை நிறுத்திக்கொண்டால் போயிற்று. யாருக்கு என்ன நஷ்டம்?

கதவிடுக்கு வழியாக ஜெனிபர் குரல் வந்தது. "இங்க பாரு ஷீலா, தேச்சேன் தேச்சேன்னு டாக்டர்கிட்டப் பொய் சொன்னா, வைத்தியம் எப்படி நடக்கும்?"

பிறகு ஜெபஷீலா, சண்டை போட்டுச் சலித்தவள் குரலில் சொன்னாள்:

"சரி மதினி. நான்தான் சரியாத் தேய்க்கல போல. அப்படியே வச்சுக்கங்க."

ஏசுதாசனுக்குச் சுரீரென்றது. ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பெண் பிள்ளையை மடியில் மல்லாத்தி, பாட்டுப் பாடி, கடி வாங்கி, பல் தேய்த்துவிடுவதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். தேய்த்து முடித்ததும் போர்வைக்குள் அதைக் கெடுத்தவரும் அவர்தான்.

உள்ளே வந்தார்.

"ஜெனிபரு, அந்தக் கதவைச் சாத்து."

சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தார்.

"கற்கண்டு!" என்று நாற்காலியில் எழுந்து நின்றான் ஜோயல். "தாத்தா வாயில போட்டுத் தருவாக!"

"ஷீலா தேய்ப்பா, டாக்டரம்மா" என்றார் ஏசுதாசன். "ஒரு நாள் தவறாமத் தேய்ப்பா. தேச்சதுக்கு அப்புறம் நான்தான் இதைக் குடுப்பேன். முனை குத்தும்னு என் வாயில வச்சு மழுக்கிட்டு..." இரண்டு கட்டை விரலையும் வாய்க்குள் விட்டார்.

பளக் என்று ஒரு சத்தம்.

"ஆத்தாடி!" என்று அலறினாள் ஜெனிபர். "அப்பாவுக்கு வாயே கழண்டு வந்துருச்சு!"

ஜோயல் கைதட்டினான். "தாத்தா! இன்னொரு தடவை! இன்னொரு தடவை!"

இன்னொரு தடவையும் பளக் என்றது. அது கீழ்வரிசை.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டார்ச்சை எடுத்தார். "அண்ணத்துல செட்டு உக்காந்த இடம் மட்டும் அச்சுப் பிடிச்ச மாதிரி சிவந்து கிடக்குங்க ஐயா. காந்துமே? ராத்திரி கழட்டித் தண்ணியில போடுறதில்லையா?"

"பக்கத்துல இவன் படுத்திருப்பானே."

"செட்டைக் கழட்டாம இருந்தா அடியில இந்தப் பூஞ்சை நல்லாக் குடியேறிக்கும். பிள்ளைக்கு இங்கன இருந்துதான் போச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வழி நல்லாவே போட்டு வச்சிருக்கீங்க. ரெண்டு பேருக்கும் மருந்து தாரேன். பிள்ளைக்கு முன்பல்லு ரெண்டு தேறாது, எடுக்கணும். மத்ததைக் காப்பாத்திரலாம். ராத்திரி தேச்ச பிறகு தண்ணி தவிர எதுவும் கூடாது." டாக்டர் பல்செட்டைக் கையில் வாங்கினார். "இது இங்கனயே இருக்கட்டும். சுத்தம் பண்ணி சாயங்காலம் ஆறு மணிக்குத் தாரேன். அதுவரை வாய்க்கு ஓய்வு."

"நாலு மணிக்குப் போத்தோ!" என்றார் ஏசுதாசன். பல் இல்லாத வாயில் ஃபோட்டோ அப்படித்தான் வந்தது.

*

ஆட்டோவில் ஜெபஷீலா மாமனார் பக்கம் திரும்பவே இல்லை. ஜெனிபர் மடியில் ஜோயல், "பளக், பளக்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"ஷீலா" என்றார், கைக்குட்டையால் வாயை மறைத்தபடி.

"நேத்து ராத்திரி மதினி என்னை அவ்வளவு பேசினாக. நீங்க அங்கனதான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீக மாமா."

"படிக்கல தாயி. தலைகீழாப் பிடிச்சிருந்தேன்."

"அதையும் பாத்தேன்."

ஏசுதாசன் தலை குனிந்துகொண்டார். "தப்புதாம்மா. சிரிப்புப் போயிருமேன்னு உன்னைப் பேச்சு வாங்க விட்டுட்டேன்."

ஜெபஷீலாவின் தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறாள் என்று அவர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆவிக்குரிய சந்தோஷமாம், மதினி! கன்வென்ஷனுக்குப் போயிட்டு வந்தாகளே, அப்ப!"

ஜெனிபருக்கும் அப்போதுதான் உறைத்தது. "அடப்பாவி அப்பா! நான் சபையில எல்லார்கிட்டயும் சொன்னேனே, எங்கப்பா முகம் கன்வென்ஷன்ல பிரகாசிச்சுதுன்னு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துத் தானும் சிரித்தார், எதற்கென்றே தெரியாமல்.

சிரித்து ஓய்ந்ததும் ஜெனிபர், ஜெபஷீலாவின் கையைப் பிடித்தாள். "ஏதோ வாய்த்துடுக்குல பேசிட்டேன்டி. மனசுல வச்சுக்காத."

"வச்சுக்கத்தான் செய்வேன், ரெண்டு நாளைக்கு. அப்புறம் விட்டுருவேன்" என்றாள் ஜெபஷீலா.

கடை வாசலில் இறங்கியதும் ஏசுதாசன் ஃபோனை எடுத்தார். "சுருளிவேலு, போத்தோவை நாளைக்கு..."

ஜெபஷீலா ஃபோனை வாங்கினாள். "அண்ணே, நாலு மணிக்கே வாங்க. மாற்றம் ஒண்ணும் இல்ல." மாமனாரிடம் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு வாரம் நான் பேச்சு வாங்கினேன்ல? நீங்க ஒரு போட்டோ குடுங்க மாமா. அதோட கணக்குச் சரி."

*

நாலு மணிக்குச் சுருளிவேல் குடை விளக்கெல்லாம் நட்டுவிட்டு, கேமராவில் கண்ணை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"முதலாளி... பல்லு?"

"ஆஸ்பத்திரில இருக்கு."

சேலை பார்த்துக்கொண்டிருந்த மயிலாடும்பாறை பஞ்சம்மாள் கையிலிருந்த புதுச்சேலையைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றாள். "யாத்தே! இத்தனை வருசமா அதைப் பாத்து மயங்கியா நான் இந்தக் கடைக்கு வந்தேன்?"

"இனிமே வர மாட்டியா?"

"நல்லா இருக்கே கதை! எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு செட்டு வேணும். எந்த டாக்டருன்னு சொல்லுங்க முதல்ல."

கடைப் பையன்களெல்லாம் அளவு நாடாவோடு சிரித்தார்கள். ஏசுதாசன் எதிர்பார்த்து நடுங்கிய சிரிப்பு இதுதான். வந்தே விட்டது. வந்த பிறகு பார்த்தால், அப்படியொன்றும் கடிக்கவில்லை.

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு லேசாச் சிரிங்க" என்றார் சுருளிவேல், நாசூக்காக.

ஜோயலுக்கு அது பிடிக்கவில்லை. தாத்தாவின் உதட்டை இரண்டு விரலால் விலக்கி உள்ளே பார்த்தான். "எங்க தாத்தா பளக்கு?" என்றான். ஏசுதாசனுக்குக் கட்டைக்குரல் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. பேரனும் கரும்பழுப்புப் பல்லைக் காட்டிக் கெக்கலித்தான். அந்த நொடியில் சுருளிவேல் அழுத்திவிட்டார்.

கேமராத் திரையில் எட்டிப் பார்த்தாள் ஜெபஷீலா. "இதுதான் மாமா காலண்டருக்கு. கீழ ஒரு வரி போட்டுருவோம்: ராத்திரி பல் தேய்த்த பிறகு கற்கண்டு கிடையாது."

"போட்டுக்க தாயி. என் பேரையும் கீழ போடு."

"குடும்பத்தோட ஒண்ணு எடுத்துருவோம்" என்றார் சுருளிவேல். "அக்கா, நீங்களும் வாங்க."

ஜெனிபர் தலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அப்போது மேஜை மேல் இருந்த அவள் ஃபோன் அதிர்ந்தது. திரையில் அவள் கணவன் கார்த்திக்ராஜ் படம். ஜெனிபர் ஃபோனைக் குப்புறக் கவிழ்த்தாள். நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"மதினி, அண்ணன் கூப்பிடுறாக" என்றாள் ஜெபஷீலா, தாழ்ந்த குரலில்.

"கூப்பிடட்டும்."

"காலையில இருந்து கூப்பிடுறாக போல. எடுத்து ஒரு வார்த்தை..."

ஒரு வாரமாக வீட்டில் எல்லார் வாயையும் திறக்க வைத்த ஜெனிபர், இப்போது தன் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஏசுதாசன் பார்த்தார். வீட்டு மாடியறையில் இன்னும் முழுசாகத் திறக்காமல் கிடக்கும் அந்த இரண்டு பெட்டிகளும் அவர் கண்ணில் வந்து போயின. கேட்டால் சொல்ல மாட்டாள்; மகள் யார் பிள்ளை? அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"இங்கன வந்து உக்காரு ஆத்தா. நான் எத்தனை வருசம் மூடி வச்சேன் பாத்தேல்ல? உள்ளதான் புண்ணாச்சு. நீயும் அப்படிப் பண்ணாத. உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு."

ஜெனிபர் வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் சிரிங்க" என்றார் சுருளிவேல்.

பல் இருந்தவர்களும் இல்லாதவர்களும் சிரித்தார்கள், ஜெனிபர் ஒருத்தியைத் தவிர. மேஜை மேல் கவிழ்ந்து கிடந்த ஃபோன் மூன்றாம் முறையாக அதிர்ந்து, மெல்ல மெல்ல விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.